நான்கு வீச்சு வலையும் முத்திரையிட்ட குடமும்

மாயக்கதைகளைப் பற்றி நம் இல்லங்களில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. சிறுவர்க்கு அவை பொழுதுபோக்கு. பெரியவர்க்கோ அவை பொழுதை வீணாக்குபவை. ஜின்னும் பூதமும், பறக்கும் கம்பளமும், திறக்கக் கூடாத அறையும் கணக்குப் புத்தகத்துக்கு உதவா என்பது தொழில் செய்வோர் பலரின் துணிபு. இத்துணிபு சரிதானா என்று ஆராய்வதே நம் நோக்கம். அவ்வாராய்ச்சிக்குரிய இடமாக நாம் நூலகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பனியன் நகராம் திருப்பூரைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் காரணம் உண்டு.

அண்மையில் அந்நகரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஓரிரவு தங்க நேர்ந்தது. நண்பர் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வணிகர்க்கும் இங்குள்ள ஆலைக்கும் இடையே நின்று, ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பலேறும் வரை நடத்திச் செல்லும் பொறுப்பு அவருடையது. இஷாத் தொழுகை முடிந்து உணவுக்கு அமர்ந்தோம். அவருடைய அன்னையார் பேரனுக்குச் சோறு ஊட்டியபடியே, ஆயிரத்தோர் இரவுகளில் வரும் மீனவனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த மீன்காரன் ஒரு நாளைக்கு நாலு தடவைதான் வலை வீசுவான் கண்ணு, அதுக்கு மேல வீசமாட்டான்” என்றார். “ஏன் நன்னி, அஞ்சாவது தடவை வீசினா என்ன?” என்றான் சிறுவன். பாட்டியார் மறுமொழி கூறுமுன் நண்பரின் கைபேசி ஒலித்தது. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, நாம் எண்ணவில்லை. கையைக் கழுவிவிட்டு அவர் திண்ணைக்குச் சென்றார். சோறு ஆறியது, கதையும் அங்கேயே நின்றது. சிறுவனின் வினா மட்டும் நம்முடன் வந்தது.

நம் தமிழ் முஸ்லிம் முன்னோர் மாயக்கதையை இகழ்ந்தவரல்லர். கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர், முனாஜாத்து எனத் தமிழுக்குப் புது இலக்கிய வகைகளையே ஈந்தவர்கள் அவர்கள். 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் ஆயிர மசலாவைப் படைத்தார். வினாவும் விடையுமாய் அமைந்த அந்நூலே இன்று நமக்குக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மூத்தது என்பர். கிஸ்ஸாக்கள் ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்டவை. எழுத்தறியாத மூதாட்டியரும் அவற்றை நெஞ்சிலே பதித்து வைத்திருந்தனர். 1885இல் கண்டி சித்திலெவ்வை அவர்கள் வெளியிட்ட அசன்பே சரித்திரம் தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று. கடத்தப்பட்ட குழந்தை, மறைந்த பிறப்பு, நீண்ட அலைவு, இறுதியில் இனம் காணல் என்னும் பழைய கதைக்கூறுகளை அதுவும் தள்ளிவிடவில்லை.

இக்கதைக்கூறுகள் நாடுதோறும் திரும்பத் திரும்ப வருபவை. ருஷ்ய அறிஞர் விளாதிமிர் புராப் 1928இல் தம் நாட்டு அற்புதக் கதைகளைப் பகுத்து, அவற்றில் 31 செயற்கூறுகள் உள்ளன என்று காட்டினார். அவற்றுள் தொடக்கத்திலேயே வருவன இரண்டு: ஒரு தடை விதிக்கப்படுதல், அத்தடை மீறப்படுதல். ‘இந்தக் கதவைத் திறவாதே’ என்று ஒருவர் சொல்வார், கதைத்தலைவன் திறப்பான். நாம் கதையில் சுவைப்பது மீறலை. ஆனால் கதை நமக்குக் கற்பிப்பது தடையை. ஆற்றலைப் பெறுவதைவிட அதற்கு எல்லை கட்டுவதே அரிது என்பதுதான் மாயக்கதைகளின் உட்பொருள். இதனைத் திருப்பூரின் இன்றைய வாழ்வோடு வைத்துப் பார்ப்போம்.

திருப்பூரில் முதல் பின்னலாடைத் தொழிலகத்தை 1925இல் நிறுவியவர் குலாம் காதர் சாகிபு என்பது நம் சமுதாயம் பெருமையுடன் நினைவுகூரத் தக்க செய்தி. பல ஆண்டுகள் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் நெய்து வந்த அவ்வூருக்கு, 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய நிறுவனம் மும்பை வணிகர் வழியே வந்தது. 80களின் நடுவிலிருந்து ஏற்றுமதி பெருகியது. அன்று கடிதம் வாரக்கணக்கில் வந்தது. பின்னர் டெலெக்ஸ், அதன் பின்னர் ஃபேக்ஸ். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டது. அதன்பின் மின்னஞ்சலே திருப்பூரின் நாடி நரம்பாயிற்று. துணியின் நிறத்துக்கு ஒப்புதல், சாம்பிளின் அளவில் திருத்தம், லேபிளில் மாற்றம், கப்பல் தேதி ஆகிய அனைத்தும் அதன் வழியே வருகின்றன.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதல் மடல் அனுப்பியபோது அஃது ஒரு சிறு சோதனை. வெரோனா திருப்பூருக்கு வந்த அதே 1978ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு, அவர்கள் கேளாமலே, ஒரே விளம்பர மடலை அனுப்பினார். வேண்டா மடல்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. குடத்தின் மூடி அன்றே திறந்தது எனலாம்.

இனிக் குடத்தின் கதைக்கு வருவோம். மீனவன் வலையில் சிக்கிய பித்தளைக் குடம் நபி சுலைமான் (அலை) அவர்களின் முத்திரை பதித்த ஈயத்தால் மூடப்பட்டிருக்கிறது. திறக்கிறான், புகை எழுகிறது, ஜின் நிற்கிறது. விடுவித்தவனையே கொல்லப் போவதாகச் சொல்கிறது. ஏன்? அதற்கு ஜின் கூறும் விளக்கம் உலக இலக்கியத்தில் ஓர் அரிய மனவியல் ஓவியம். முதல் நூற்றாண்டில், தன்னை விடுவிப்பவனைச் செல்வனாக்குவேன் என்று அது உறுதி பூண்டது, எவரும் வரவில்லை. அடுத்து, புதையல்களையெல்லாம் திறந்து காட்டுவேன் என்றது, எவரும் வரவில்லை. பின்னர் மூன்று வரங்கள் தருவேன் என்றது. அப்போதும் எவரும் வரவில்லை. இறுதியில் சினம் முற்றி, விடுவிப்பவனைக் கொல்வேன் என்று சூளுரைத்தது. காத்திருத்தல் நன்றியைப் பகையாக மாற்றிவிடுகிறது.

திருப்பூரில் எந்த மெர்ச்சண்டைசரும் இக்கதையைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார். ஒரு வணிகர் விலை கேட்டு எழுதும் மடல், முதல் நாளில் விடை பெற்றால் ஆர்டராகிறது. சில நாள் கழிந்தால் நினைவூட்டலாகிறது. இன்னும் கழிந்தால் முறையீடாகிறது. நிறத்துக்கு ஒப்புதல் கேட்க வேண்டிய மடல் ஒரு வாரம் கிடந்தால் சாயமேற்றல் தள்ளிப் போகும். தையல் தள்ளிப் போகும். தூத்துக்குடியில் கப்பல் தவறும். கடலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். அல்லது டெபிட் நோட் வரும். வரமளிக்க வந்த அதே ஜின்தான் வாளேந்தி நிற்கிறது. ஆகவே மடலைத் திறவாமல் கிடத்துவது அடக்கமன்று. அது குடத்துக்குள் சினத்தை வளர்ப்பது.

அப்படியானால் வரும் மடலையெல்லாம் வந்த கணமே திறந்து விடையளிப்பதுதான் வழியா? இல்லை என்கிறது நம் நாட்டுக் கதை ஒன்று. ஒருவன் பூதத்தை வரவழைக்கும் மந்திரம் கற்றான். பூதமும் வந்தது, ஏவிய பணியைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் எசமானனையே விழுங்கிவிடும். மாளிகை கட்டியாயிற்று, குளம் வெட்டியாயிற்று. இனி வேலை இல்லை. அப்போது அறிவுள்ள ஒருவர் கூறிய உபாயம் யாது? முற்றத்தில் ஒரு கம்பத்தை நட்டு, ‘மறுமொழி சொல்லும் வரை இதில் ஏறி இறங்கிக்கொண்டிரு’ என்று பூதத்துக்கு ஆணையிடுவது. சில ஊர்களில் நாய்வாலை நிமிர்த்தச் சொன்னதாகக் கதை.

மின்னஞ்சல் இப்பூதத்தின் இனம். ஒன்றுக்கு விடை எழுதினால் அவ்விடைக்கு மறுவிடை வருகிறது. பத்து முடித்தால் பதினைந்து பிறக்கிறது. விரைந்து விடையளிப்பவருக்கே மேலும் மேலும் மடல் வரும் என்பது அலுவலகங்களில் எல்லோரும் அறிந்த உண்மை. இதற்குக் கம்பம் எது? நேர ஒழுங்குதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 124 பேர் பங்குபெற்றனர். நாளுக்கு மூன்று முறை மட்டும் மடல் பார்த்த வாரத்தில் அவர்களுடைய மன இறுக்கம் குறைந்ததாக அவ்வாய்வு கண்டது. பூதம் ஒழியவில்லை, கம்பத்தில் ஏறி இறங்கியது, எசமானன் உறங்கினான்.

இக்காலத்து மாயக்கதைகளும் இப்பொருளைத் தொடாமலில்லை. 1997இல் வெளிவந்த ஹாரி பாட்டர் முதல் நாவலைத் தமிழிலும் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். அதில் ஆந்தைகள் கடிதம் கொணர்கின்றன. சிறுவனுக்கு வரும் கடிதத்தை அவன் பெரியப்பா பறித்து மறைக்கிறார். கதவின் கடிதத் துளையை ஆணியடித்து மூடுகிறார். கடிதங்களோ பெருகுகின்றன, முட்டைகளுக்குள் மறைந்து வருகின்றன, அடுப்பங்கணப்பின் வழியே மழையாய்ப் பொழிகின்றன. அவர் குடும்பத்தோடு ஓடிக் கடல் நடுப் பாறையில் ஒளிந்தும் பயனில்லை. அடுத்த நாவலில் ஒரு சிவப்பு உறை வருகிறது; உடனே திறக்காவிட்டால் முன்னினும் கொடிதாகக் கூச்சலிடும். ‘அவசரம்’ என்று தலைப்பிட்டு வரும் மடல்களைக் கண்டோர் இதனைப் படித்துச் சிரிப்பர். சிரித்துவிட்டுச் சற்றே கலங்குவர்.

ஆசிரியை ரௌலிங்கின் நகைச்சுவையை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் ஒரு குறையைச் சுட்ட வேண்டும். அக்கதையில் வாசகரின் பரிவெல்லாம் கடிதத்தின் பக்கம். அதைத் தடுப்பவர் கோமாளி. அவர் கோமாளிதான், பிறர் கடிதத்தைப் பறித்தவர் வேறு எவ்வாறு காட்டப்படுவார்? ஆனால் ஆணியடிப்பதற்கும் அடிபணிவதற்கும் இடையே ஒரு மூன்றாம் வழி உண்டு என்பதை அக்காட்சி காட்டவில்லை. இக்கால மாயக்கதைகள் பலவற்றிலும் சிறுவர் விளையாட்டுகளிலும் நாம் காணும் குறை இதுவே. ஆற்றல் கிடைக்கும் முதற்பாதியை அவை விரித்துரைக்கின்றன. முத்திரையிடும் பிற்பாதியைச் சுருக்கிவிடுகின்றன.

அம்மூன்றாம் வழியைக் காண நாம் கதையை விட்டு வரலாற்றுக்குச் செல்ல வேண்டும். திருமறையின் 27ஆம் அத்தியாயமாகிய அந்நம்லில் நபி சுலைமான் (அலை) அவர்கள் ஹுத்ஹுத் பறவை வழியே சபா நாட்டு அரசிக்கு மடல் அனுப்பிய நிகழ்ச்சி கூறப்படுகிறது. நம்மைப் பொறுத்தவரை அது கதையன்று. எனவே கதையோடு நிரல்படுத்தாமல் தனியே வைத்துப் போற்றுகிறோம். மடல் மிகச் சுருங்கியது: அனுப்புநர் யார் என்பதும், இறைவன் திருநாமமும், சொல்ல வேண்டிய ஒரே செய்தியும் மட்டுமே அதில் உள்ளன. பறவைக்கு இடப்பட்ட ஆணையும் நோக்கத் தக்கது. மடலைச் சேர்ப்பித்துவிட்டு விலகி நின்று, அவர்கள் என்ன மறுமொழி தருகின்றனர் என்று பார்க்க வேண்டும் என்பதே அது. பெற்ற அரசியும் சினந்தோ அஞ்சியோ அக்கணமே விடையெழுதவில்லை. அவையோரைக் கூட்டிக் கலந்தாலோசித்தார். சுருங்க எழுதுதல், அனுப்பியபின் பொறுத்தல், சிந்தித்து விடையளித்தல் என்னும் மூன்று ஒழுங்கும் அங்கே ஒருசேர விளங்கக் காண்கிறோம். ஒரு மடலில் ஏழு செய்திகளைத் திணித்து, நாற்பது பேருக்குப் பிரதி அனுப்பி, பத்து நிமிடத்தில் ‘என்னாயிற்று?’ என்று கேட்கும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டு நாணலாம். ஸ்டைல் எண்ணைத் தலைப்பிலேயே எழுதி, ஒரு மடலுக்கு ஒரு செய்தி என்று நிறுத்தினாலே தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

மற்றொரு கதைக்கூறு மோதிரம். சுலைமான் நபியின் மோதிரத்தை ஒரு ஜின் திருடி, அவர்தம் உருவில் அரியணையில் அமர்ந்ததாகக் கிஸ்ஸா சொல்வோர் கூறுவதுண்டு. மார்க்க அறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. நாமும் இதனைக் கட்டுக்கதை என்றே கொள்கிறோம். ஆயினும் கட்டியவர் கண்ட அச்சம் பொய்யன்று: அடையாளம் கைமாறினால் ஆணையும் கைமாறும். ஏற்றுமதித் தொழிலில் இவ்வச்சம் மெய்யாகவே நிகழ்கிறது. திருடர் ஒரு நிறுவனத்தின் மடற்பெட்டியுள் புகுந்து பல நாள் படித்திருந்து, ஒரே ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வணிகருக்கு எழுதுகின்றனர். பணம் திருடர் கணக்குக்குப் போகிறது. மடல் மலைபோல் குவிந்து கிடக்கும் இடத்தில்தான் அந்த ஓர் எழுத்து கண்ணுக்குத் தப்புகிறது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று வந்தால், முன்பே தெரிந்த எண்ணில் தொலைபேசியில் அழைத்து, குரல் கேட்டு உறுதி செய்யாமல் எதுவும் செய்யலாகாது. மடற்பெட்டியை அடக்கி வைப்பது மன அமைதிக்கு மட்டுமன்று, காசுக்கும் காவல்.

இவையெல்லாம் அலுவலகத்தோடு நிற்பவை. நம் நெஞ்சைத் தொடும் கதைக்கூறு வேறொன்று உண்டு: ஜின் ஒரு மனிதனைத் தூக்கிச் செல்லல். தமீம் அன்சாரியின் கிஸ்ஸாவை நம் மூத்தோர் அறிவர். ஜின்னால் கொண்டுபோகப்பட்ட அவர் ஆண்டுக்கணக்கில் தீவு தீவாக அலைகிறார்; வீட்டிலோ மனைவி காத்திருக்கிறார். அவர் திரும்பி வந்து வாயிலில் நின்றபோது, தாம்தான் அவர் என்று நிலைநாட்டவே பாடுபட வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் இக்கதையைக் கேட்ட பெண்டிர் கண்ணீர் உகுத்ததற்குக் காரணம் ஜின் அன்று. கடல் கடந்து சென்ற கணவரும் மைந்தருமே.

இன்று ஆள் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் இல்லை. இது கடிகாரத்தின் கொடுமை. இந்திய நேரத்துக்கு ஜெர்மனி கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நான்கரை மணியும் பிந்தியது. அங்கே காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது திருப்பூரில் நண்பகல் கடந்துவிடும். அங்கே மாலை 5 மணியாகும்போது இங்கே இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. நியூயார்க் நகரில் காலை 9 மணி என்பது இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. அதாவது, மஃரிபு முடிந்து மனிதன் வீடு திரும்பும் வேளையில்தான் மேற்றிசை விழித்துக்கொள்கிறது. பிள்ளையின் பாடமும், தாயின் பேச்சும், மனைவியின் முறையீடும் ஜெர்மனியின் பிற்பகலோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. அத்தா பக்கத்தில் அமர்ந்திருக்கவே, பிள்ளை பாட்டியிடம் கதை கேட்கிறான்.

இங்கு நேர்மையான ஒரு மறுப்புக்கு நாம் இடமளிக்க வேண்டும். ‘மீனவன் தனியாள், வலையும் அவனுடையது, நேரமும் அவனுடையது. சம்பளத்துக்கு உழைப்பவன் இரவு மடலைப் பாராமல் இருந்தால் மறுநாள் முதலாளி கேட்பார். முதலாளி பாராமல் இருந்தால் வணிகர் வேறோர் ஊரைத் தேடுவார்’ என்பர். இது வலுவான மறுப்பே. மாயக்கதைகளின் குறையும் இதுவே: அவை தனிமனிதனின் சமயோசிதத்தைப் போற்றி, அவன்மேல் உள்ள அதிகாரத்தை மறந்துவிடுகின்றன. ஆனால் கதையைக் கூர்ந்து பார்த்தால் விடையும் அங்கேயே உண்டு. குடத்துக்கு முத்திரையிட்டவர் மீனவனல்லர், ஆட்சியாளர். முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முதற்பொறுப்பு. இரவில் எவர் முறை என்று பங்கிட்டு மற்றவரை விடுவிப்பதும், எந்த மடலுக்குக் காலையில் விடையளித்தால் போதும் என்று வணிகருக்கு முன்கூட்டியே எழுதிவிடுவதும் முதலாளியின் கடமைகள். பிரான்சு நாட்டில் வேலை நேரம் கடந்தபின் தொடர்பறுத்து ஓய்வு கொள்ளும் உரிமையைச் சட்டமே 2017 ஜனவரி முதல் ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கு வணிகம் நின்றுவிடவில்லை.

இனிச் சிறுவனின் வினாவுக்கு விடை கூறுவோம். ஐந்தாம் முறை வீசினால் என்ன?

மீனவன் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஜின் வெளிப்படும் இடத்திலிருந்தே சுவையைத் தொடங்குவர். ஆனால் கதையின் உயிர் அதற்கு முன்னரே கிடக்கிறது. ஏழை அவன், மனைவி மக்களைக் காக்க வேண்டியவன், இன்னும் பத்து முறை வீசினாலும் கேட்பார் இல்லை. ஆயினும் நான்கோடு நிறுத்துவது அவன் வழக்கம். அன்று முதல் வீச்சில் செத்த கழுதை. இரண்டாவதில் மணலும் சேறும் நிறைந்த சாடி. மூன்றாவதில் ஓடும் உடைந்த கண்ணாடியும். நம் மடற்பெட்டியில் அன்றாடம் விழும் குப்பையை இதனினும் நன்றாக எவரும் வருணித்ததில்லை. நான்காவதில்தான் குடம் வந்தது. எல்லை கட்டி வாழ்ந்தவனுக்கே ஜின்னை எதிர்ப்பட்டபோது மதி கலங்கவில்லை. ‘இவ்வளவு பெரிய நீ இச்சிறு குடத்துள் எப்படி இருந்தாய்?’ என்று கேட்டு, அதனை மீண்டும் உள்ளே புகச் செய்து மூட அவனால் முடிந்தது. ஓயாமல் வலை வீசிக் களைத்தவனாயின் அக்கேள்வி அவன் நாவில் எழுந்திராது.

இன்னும் ஒன்று. அவன் குடத்தைக் கடலில் எறிந்துவிடவில்லை. தீங்கு செய்யேன் என்று ஜின்னிடம் உறுதி வாங்கிக்கொண்டு மீண்டும் விடுவித்தான். ஜின் அவனை வண்ண மீன்கள் நிறைந்த ஓர் ஏரிக்கு அழைத்துச் சென்று, ‘இங்கே நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வலை வீசாதே’ என்று சொல்லி மறைந்தது. முன்னர் அவன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட எல்லை இப்போது ஜின்னின் வாயிலிருந்தே வருகிறது. அவ்வெல்லையைக் காத்த அவனுக்குச் செல்வமும் வந்தது.

பாட்டியார் அன்று விடை சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மறுநாட் காலை கேட்டோம். அவர் புன்னகைத்து, “அஞ்சாவது தடவை வீசினா ஊட்டுக்கு வர நேரமாயிடும்ல” என்றார். திறனாய்வாளர் எழுதும் நூறு பக்கங்களைவிட அவ்வொரு வரியே மேலானது. கதைகளை நம் இல்லங்களினின்று விரட்ட வேண்டா. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேளையில், தந்தையரையும் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்வோம்.